கத்தியும் மாத்திரையும்

பால் வெட்டுகிறவளுக்குக் கைதான் எல்லாம். இறப்பர் மரத்தின் பட்டையில் கத்தி ஒரு நூல் ஆழமாகப் போனாலும் மரத்துக்குக் காயம். மேலோடு போனால் பால் வராது. ருவான்வெல்லைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பதினாறு வருஷம் வெட்டினேன். என் மரத்தில் ஒரு காயம் காட்டுங்கள் பார்ப்போம் என்று திமிராகச் சொல்லித் திரிந்தவள் நான். இப்போது சொல்வதில்லை.

இன்று வெட்டிய மரத்தை நாளைக்குத் தொடக்கூடாது, ஒருநாள் விட்டு ஒருநாள்தான். ஓய்வு கிடைக்காத மரம் பால் வற்றிப் போகும். லயத்து வரிசை வீடுகளில் வளரும் குழந்தைக்குக்கூட இது தெரியும். அப்படியிருக்க, ஐந்து நாள் சரியாகத் தூங்காமல், களைப்பே தெரியாமல், என் மரங்களை முடித்த கையோடு, முதல்நாள் வெட்டி ஓய்வில் விட்டிருந்த மரங்களையும் வெட்டிக்கொண்டே போனேன். உடம்பெல்லாம் ஒரே சந்தோஷம். மலை முழுவதும் எனக்கே சொந்தம் போலிருந்தது. கங்காணி மூச்சிரைக்க ஓடி வந்தார்.

“என்னா புள்ள இது! நேத்து வெட்டின மரத்த இன்னைக்கும் வெட்டுற? ஒனக்கு என்னா வந்திருச்சு?”

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு மறுநாளும் நிற்காததால் என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார்.

இருதுருவ நோய் என்றார்கள். சில காலம் மனம் தலைகால் தெரியாமல் துள்ளுமாம், சில காலம் எழும்பவே முடியாமல் விழுந்து கிடக்குமாம். விழுந்து கிடந்தது எனக்கு உடனே ஞாபகம் வந்தது. மகள் பிறந்த பிறகு நான்கு மாதம் பாயைவிட்டு எழும்பாமல் கிடந்தேன். அதற்கு லயத்தில் வைத்த பெயர் சோம்பேறித்தனம். சிங்கள டாக்டரம்மா கையைப் பிடித்துக்கொண்டு, “நங்கி, பெஹெத் நவத்தன்ன எபா” என்றார். தங்கச்சி, மருந்தை நிறுத்தாதே.

மாத்திரை தூக்கம் தந்தது, நிதானம் தந்தது. கூடவே கை நடுக்கத்தையும் தந்தது. மூன்றாம் வாரம் கத்தி பட்டையைத் தாண்டிக் கட்டையில் இறங்கியது. ஒரு மரம், பிறகு இன்னொன்று. கங்காணி திட்டவில்லை. “கொஞ்ச நாளைக்குப் புல்லு வெட்டப் போ புள்ள” என்று மெதுவாகச் சொன்னார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

பக்கத்து வீட்டு அக்கா சும்மா இருப்பாரா? என் வீட்டுக்காரரைப் பார்த்து, “பேய்க்கு வாக்கப்பட்டா புளியமரம் ஏறணும்னுவாங்க தம்பி, நீங்க றப்பர் மரம் ஏறுங்க” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். என் வீட்டுக்காரரும் சிரித்தார். எனக்கு எரிந்தது.

மாத்திரையா, கத்தியா என்று மனம் அடித்துக்கொண்டது. கத்தி என்று முடிவெடுத்தேன். யாரிடமும் சொல்லாமல் தினமும் மாத்திரையைப் பின்பக்கச் சாக்கடைக் கானில் போட்டேன். கொஞ்ச நாளில் கை நடுக்கம் நின்றது. மறுபடி மலையேறினேன். பட்டை நூல் பிடித்ததுபோல் சீவிக்கொண்டு வந்தது. சிரட்டையில் பால் சொட்டுவதைப் பார்த்து அழுதேன். அவ்வளவு சந்தோஷம். அந்தச் சந்தோஷத்தில் எவ்வளவு என்னுடையது, எவ்வளவு நோயுடையது என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இரண்டு மாதம்கூட ஓடவில்லை. ஒரு மத்தியானம் வாசலில் உட்கார்ந்து கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தேன். காலையிலிருந்தே தீட்டிக்கொண்டிருந்தேனாம். “போதும், வச்சிட்டுச் சாப்புடு” என்றார் வீட்டுக்காரர். நான் எழும்பிக் கத்தினேன். என்னென்ன சொன்னேன் என்பது நினைவில்லை. யாரையும் வெட்ட நினைக்கவில்லை, அது சத்தியம். ஆனால் கத்தி கையில் இருந்தது. பள்ளிக்கூடம் விட்டு வந்த மகள், ஒன்பது வயதுப் பிள்ளை, படியில் நின்று என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் கத்தியைக் காணோம். கூரை இடுக்கு, விறகு அடுக்கு, அரிசி வாளி என்று எல்லா இடமும் தேடினேன். “கத்திய பாத்தியா?” என்று மகளிடம் கேட்டேன். அவள் பொய் சொல்லிப் பழகாதவள். “பாத்தேன். தர மாட்டேன்மா” என்றாள். சொல்லும்போதே இரண்டடி பின்னால் போனாள். என் பிள்ளை என்னிடமிருந்து பின்னால் போனாள்.

அன்றே ஆஸ்பத்திரிக்குப் போகக் கேகாலை பஸ்ஸில் ஏறினேன். மாத்திரையைக் கானில் போட்டதை டாக்டரம்மாவிடம் ஒப்புக்கொண்டேன். அவர் கோபித்துக்கொள்ளவில்லை, நடுக்கத்தை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்றுதான் கேட்டார். இரத்தம் சோதித்து அளவைக் குறைத்தார். நடுக்கமும் குறைந்தது, முழுதாகப் போகவில்லை. தேநீர் குடிக்கப் போதுமான கை, பால் வெட்டப் போதாது.

இப்போது புல்லு வெட்டுகிறேன். வேலைக்குப் போகும் வழியில் என் பழைய மரங்கள் வருகின்றன. அந்த இரண்டு காயங்களும் முண்டாகத் தடித்துப் போயிருக்கின்றன. அந்த மலை முழுவதும் எனக்கே சொந்தமாக இருந்த சந்தோஷத்தை நினைத்துச் சில நாள் ஏங்குகிறேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், அது திரும்பி வராதா என்றும் நினைத்திருக்கிறேன்.

போன தைப்பொங்கலுக்கு வீடு மெழுகும்போது, மகள் தன் பழைய புத்தகப் பைக்குள்ளிருந்து துணி சுற்றிய கத்தியை எடுத்து வந்தாள்.

“இந்தாங்கம்மா. இனி நீங்களே வச்சுக்கங்க.”

வாங்கினேன். கை நடுங்கியது. அவள் அதைப் பார்த்தாள், பின்னால் போகவில்லை.