ராகுகாலத்து மோட்டார் சைக்கிள்

லிட்கம்மில் நாங்கள் இருந்த வாடகை வீட்டில் இரண்டு அறை, ஒரு குசினி, மூன்று கதிரை. இரண்டு பேருக்கு மூன்றாவது கதிரை எதற்கு என்றால், அதில் அண்ணையின் விபூதிப் பெட்டியும் யாழ்ப்பாணத்துக் கடையொன்றின் நாட்காட்டியும் இருந்தன. அண்ணை என்றால் கூடப்பிறந்தவர் அல்ல. சிட்னிக்கு வந்த புதிதில் அறை தேடி அலைந்தபோது அறிமுகமானவர். என்னைவிடப் பத்து வயது மூத்தவர், அதனால் அண்ணை. எழுபதுகளின் நடுப்பகுதி அது. ரயிலில் எங்காவது தமிழ்க் குரல் கேட்டால் எழும்பிப் போய் யாரென்று பார்த்துவிட்டு வருவோம்.

ஊரில் அரசாங்க எழுதுவினைஞராக இருந்தவர் இங்கே ஸ்மித்ஃபீல்ட் பக்கம் ஒரு தொழிற்சாலையில் இயந்திரத்துக்குத் தகடு கொடுத்துக்கொண்டிருந்தார். காலை ஆறு மணிக்கு வேலை தொடங்கும். ஆறு மாதம் ஒழுங்காக நின்றால் நிரந்தரமாக்குவார்கள். நிரந்தரம் என்று கொம்பனி கடிதம் தந்தால்தான் ஊரிலிருக்கும் மனைவியையும் மகளையும் கூப்பிட விண்ணப்பம் போடலாம். அவர் விமானம் ஏறும்போது மகளுக்கு எட்டு மாதம். அவளுடைய படம் குசினிச் சுவரில் இருந்தது. தேநீர் ஊற்றும்போதெல்லாம் அதைப் பார்த்து ஏதாவது சொல்வார். நான் கேட்காத மாதிரி இருப்பேன்.

சிக்கல் என்னவென்றால், அந்த நேரத்துக்கு அந்தப் பக்கம் பஸ் இல்லை. கூட வேலை செய்த ஓர் இத்தாலியர்தான் தன் காரில் ஏற்றிப் போனார். அவர் பெப்ரவரி முடிவில் குவீன்ஸ்லாந்துக்குக் குடிபோவதாகச் சொல்லிவிட்டார். கார் வாங்க அண்ணைக்கு வசதியில்லை. மோட்டார் சைக்கிள் ஊரிலேயே ஓடியவர், லைசென்ஸும் மாற்றி வைத்திருந்தார். இயந்திரம் மட்டும் அவருக்கு ஒன்றும் தெரியாது. எனக்குத் தெரியும். நான் தொழில்நுட்பக் கல்லூரியில் அதைத்தான் படித்தேன், நகரத்தில் ஓர் அலுவலகத்தில் இயந்திரப் படம் வரைந்து கொண்டிருந்தேன்.

"நீர்தான் பாத்துச் சொல்லோணும் தம்பி. நீர் ஓம் எண்டால் நான் கண்ணை மூடிக்கொண்டு எடுப்பன்" என்றார்.

அப்படி ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் தலை வீங்காது? மூன்று வாரம் அவரைக் கூட்டிக்கொண்டு அலைந்தேன். ஓபர்னில் ஒரு பிரிட்டிஷ் வண்டி பார்த்தோம். நல்ல உயர்சாதி, ஆனால் நின்ற இடமெல்லாம் எண்ணெய் ஒழுகியிருந்தது. இன்னோரிடத்தில் ஒன்று, இயக்கியதும் தெருவே புகையில் மறைந்தது. விற்க வந்தவன், பெட்ரோலின் குறை என்று வாய் கூசாமல் சொன்னான். நான் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன், சங்கிலியை இழுத்துப் பார்ப்பேன், டயரை நகத்தால் கீறிப் பார்ப்பேன். பிறகு உதட்டைப் பிதுக்குவேன். அண்ணை உடனே தொப்பியைத் தூக்கி விற்பவனுக்கு நன்றி சொல்வார்.

மெரிலேண்ட்ஸில் ஒரு கடைக் கண்ணாடியில் ஒட்டியிருந்த விளம்பரத் துண்டைப் பார்த்து ஒரு வியாழக்கிழமை பின்னேரம் போன வீட்டில்தான் அது நின்றது. ஜப்பான் வண்டி, முந்நூற்றைம்பது சீசீ, இரட்டை சிலிண்டர், நீலப் பெட்ரோல் தாங்கி. விற்றவருக்குக் குழந்தை பிறக்க இருந்தது. மனைவி விற்கச் சொல்லிவிட்டாள் என்றார், முகத்தில் துக்கம் அப்படியே தெரிந்தது. நான் ஒருமுறை ஓட்டிப் பார்க்கிறேன் என்று தெருக்கோடி வரை போனேன். போனவன் இன்னொரு தெருவும் போனேன். அதற்கடுத்த தெருவில் மூன்றாவது கியரிலிருந்து நாலாவதுக்கு மாற்றியபோது என் புத்தி கெட்டது. அதற்கு வேறு பெயர் வைக்க எனக்கு விருப்பமில்லை. எனக்கு மோட்டார் சைக்கிள் தேவையே இல்லை. வீட்டிலிருந்து ஏழு நிமிடம் நடந்தால் ரயில், ரயிலை விட்டு இறங்கினால் அலுவலகம்.

திரும்பி வந்து அண்ணையிடம் "பரவாயில்லை" என்று மட்டும் சொன்னேன். அது பரவாயில்லை இல்லை, மூன்று வாரத்தில் பார்த்ததிலேயே அதுதான் வண்டி. அண்ணை என் முகத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிட்டார். "இதுதான் தம்பி" என்றார்.

விற்பவர் முற்பணம் வாங்கமாட்டேன் என்றார். சனிக்கிழமை ஒன்பது மணியிலிருந்து வீட்டில் இருப்பார், பதினொன்றுக்கு வெளியே போய்விடுவார், முதலில் பணத்தோடு வருபவருக்கு வண்டி. வீட்டுக்கு வந்ததும் அண்ணை நாட்காட்டியைத் தூக்கினார். சனிக்கிழமை ராகுகாலம் ஒன்பதிலிருந்து பத்தரை.

"பத்தரை கழிஞ்சு போவம். இவ்வளவு நாள் பொறுத்தனாங்கள், ஒண்டரை மணித்தியாலம் பொறுக்கேலாதோ?" என்றவர், சற்று யோசித்துவிட்டு என்னைப் பார்த்தார். "ஆனால் தம்பி, இஞ்சை மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளி வைச்சிருக்கிறாங்கள். அப்ப ராகுகாலம் ஒன்பதுக்குத் தொடங்குதோ, பத்துக்குத் தொடங்குதோ?"

கோடையில் மணிக்கூட்டை முன்னே தள்ளும் வழக்கம் சிட்னிக்கு வந்து அப்போது சில வருடங்கள்தான் ஆகியிருந்தன. ஊரில் இந்தக் கேள்வி எவருக்கும் வந்திருக்காது. எனக்கு விடை ஒரு நொடியில் தெரிந்தது. ராகுகாலம் சூரியனைப் பார்த்துப் போட்ட கணக்கு. சூரியக் கணக்கில் ஒன்பது என்றால் இங்கே மணிக்கூட்டில் பத்து. அதாவது அண்ணையின் நம்பிக்கைப்படியே அவர் ஒன்பது மணிக்குத் தாராளமாகப் போகலாம். போய், வண்டியை வாங்கி, பத்துக்குள் புறப்பட்டும் விடலாம்.

"நாட்காட்டியிலை உள்ளதுதான் அண்ணை. மணிக்கூட்டைப் பாத்துத்தானே எல்லாம் நடக்குது" என்றேன்.

எனக்கு ராகுகாலத்தில் துளியும் நம்பிக்கை கிடையாது. அந்த நாட்களில் பகுத்தறிவு எனக்குக் கொஞ்சம் கூடிப்போயிருந்தது, அண்ணையை அதை வைத்துக் கேலியும் செய்வேன். நம்பாத ஒன்றைக் கொண்டு நம்புகிறவரை வீட்டுக்குள் இருத்திவிட்டேன். வாய் தவறி வந்தது என்று பிற்பாடு எனக்கு நானே சொல்லிப் பார்த்ததுண்டு. ஆனால் வெள்ளிக்கிழமை மத்தியானம் என் பணத்தை எடுக்க வங்கி வரிசையில் அரை மணி நேரம் நின்றேனே, அது கால் தவறியா?

சனிக்கிழமை எட்டரைக்கு அழுக்கு உடுப்புப் பையைத் தோளில் போட்டுக்கொண்டு, "லோண்டரிக்குப் போட்டு வாறன் அண்ணை" என்றேன். "ஓம், பத்தேகாலுக்குள்ளை வந்திடும். நீரும் வந்தால்தான் எனக்குத் தைரியம்" என்றார். அவர் அப்போதுதான் முழுகிவிட்டு வந்து தலை துவட்டிக்கொண்டிருந்தார்.

ஒன்பதுக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது அந்த வீட்டு வாசலில் நின்றேன். அழுக்கு உடுப்புப் பையோடு மோட்டார் சைக்கிள் வாங்கப் போனவன் உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். விற்றவர் "உன் நண்பர் எங்கே?" என்று கேட்டார். அவருக்கு அலுவல் என்றேன். கடுதாசியில் கையெழுத்து வைக்கும்போது மனம் தயங்கும் என்று நினைத்தேன். தயங்கவில்லை. அதை நினைத்தால்தான் இப்போது எனக்குப் பயமாக இருக்கிறது.

திரும்பும் வழியில் மகிழ்ச்சியாக இருந்தேன். பொய் சொல்லி என்ன பயன்? கிரான்வில் வரை பாட்டுப் பாடிக்கொண்டு வந்தேன். லிட்கம் வந்ததும் வேகத்தைக் குறைத்தேன். என்ன சொல்லலாம் என்று போகும்போதே யோசித்து வைத்திருந்ததில் ஒரு வசனம்கூட ஞாபகம் வரவில்லை.

சத்தம் கேட்டு அண்ணை வெளியே வந்தார். வெள்ளைச் சட்டை, நெற்றியில் விபூதி, சட்டைப் பையில் பணம் வைத்த உறை. வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவருடைய முகம் மலர்ந்தது.

"எட தம்பி! மற்றவன் ஆரும் எடுத்துப்போடுவான் எண்டு பயந்து நீரே போனனீரோ? ராகுகாலத்திலை போய் அந்தத் தோஷத்தை என்னத்துக்கு உம்மடை தலையிலை ஏத்தினனீர்?"

சொல்லிக்கொண்டே உறையை எடுத்து என்னிடம் நீட்டினார்.

தனக்காகத்தான் போனேன் என்று நினைத்துவிட்டார். வேறு மாதிரி நினைக்க அவருக்குத் தெரியாது. அந்த உறையை வாங்கிக்கொண்டு வண்டித் திறப்பை அவர் கையில் வைத்திருந்தால் எல்லாம் சரியாகியிருக்கும். நான் நல்லவனாகவும் ஆகியிருப்பேன், அதுவும் சும்மா. அதற்குத் தேவைப்பட்டது கையை நீட்டுவது மட்டும்தான். என் கை ஹாண்டிலை விடவில்லை.

"இல்லை அண்ணை... நான் எனக்கெண்டு எடுத்தனான்."

அவர் உறையை மெல்லத் திருப்பிச் சட்டைப் பையில் வைத்தார். உடனே விளங்கியதா, விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்ததா என்று தெரியவில்லை. நான் தாங்கியைப் பார்த்துக்கொண்டு நின்றேன். "அதுவும் நல்லதுதான்" என்றார். உள்ளே போனார். கதவை அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அடித்திருந்தால் எவ்வளவு நன்றாக இருந்திருக்கும். பின்வளவு மரத்தில் பறித்த இரண்டு தேசிக்காய்களோடு திரும்பி வந்து, குந்தியிருந்து, முன் சில்லுக்கு ஒன்று பின் சில்லுக்கு ஒன்று வைத்தார்.

"ராகுகாலத்திலை எடுத்தது. சும்மா விடக்கூடாது. இதுக்கு மேலாலை ஒருக்கால் உருட்டும்."

உருட்டினேன்.

அன்று மத்தியானம் சோறு போட்டுத் தந்தவரும் அவர்தான். வெட்கம் தாங்காமல், "காலமை நானே உங்களைக் கொண்டுபோய் விடுறன் அண்ணை, ஒரு நாளும் பிந்தாது" என்றேன். வேறு வண்டி பார்ப்போமா என்றும் கேட்டேன். "நீர் கொண்டுபோய் விடுறீர் எண்டால் பிறகு என்னத்துக்கு? இந்தக் காசு மனிசிக்கும் பிள்ளைக்கும் டிக்கட்டுக்கு இருக்கட்டும்" என்றார். என் சொல்லை அவர் அந்த அளவுக்கு நம்பினார்.

மார்ச், ஏப்ரல் ஒழுங்காகக் கொண்டுபோனேன். பின்னால் இருந்து, பிள்ளை இனி நடக்கத் தொடங்கியிருப்பாள், பேசத் தொடங்கியிருப்பாள் என்று என் காதுக்குள் கத்துவார். மே மாதம் குளிர் வந்தது. அதிகாலையில் என்னை எழுப்ப அண்ணை ஒருபோதும் கதவைத் தட்டியதில்லை. குசினியில் தேநீர்க் கேத்திலைக் கொஞ்சம் சத்தமாக வைப்பார், அவ்வளவுதான். ஒரு மழை நாளில் அந்தச் சத்தம் கேட்டது. கம்பளியை இழுத்துத் தலையை மூடிக்கொண்டேன். சிறிது நேரம் கழித்து இன்னொருமுறை கேட்டது. பிறகு முன்கதவு மெதுவாகச் சாத்தப்பட்டது. என் நித்திரை குழம்பக்கூடாது என்றுதான் அப்படிச் சாத்தினார்.

அன்று அவர் மெரிலேண்ட்ஸ் வரை ரயிலில் போய் அங்கிருந்து நடந்திருக்கிறார். பின்னேரம் கேட்டபோது, கொஞ்சம் பிந்திவிட்டது, பரவாயில்லை என்றார். பரவாயில்லை என்றதும் எனக்குத் துணிவு வந்துவிட்டது. அதன்பிறகு வாரத்தில் ஒரு நாள், இரண்டு நாள் என்று கம்பளிக்குள்ளேயே கிடந்தேன். அவர் வேலைக்குச் சேர்ந்த ஐந்தாவது மாதத்தின் கடைசியில் போர்மன் அவரைக் கூப்பிட்டு, நல்ல மனிதர்தான், ஆனால் நேரத்துக்கு வருகிற ஆள்தான் தனக்கு வேண்டும் என்று சொல்லிவிட்டான். நிரந்தரக் கடிதத்துக்கு இன்னும் ஒரு மாதம்தான் இருந்தது.

அண்ணை யாரோ தூரத்துச் சொந்தத்தைப் பிடித்து மெல்பேர்ணுக்குப் போய்விட்டார். அங்கே இன்னொரு தொழிற்சாலை, இன்னொரு ஆறு மாதம். அது ஆள் குறைப்பில் போய், மறுபடியும் ஒன்று. விண்ணப்பம், தபால், காத்திருப்பு. நான் அந்த மோட்டார் சைக்கிளை ஒரு வருடம்கூட வைத்திருக்கவில்லை. மழையில் நனைய அலுத்துப்போய், விற்றுவிட்டுக் கார் வாங்கினேன். ராகுகாலத்தால் எனக்கு ஒரு கீறலும் படவில்லை. நான் வாங்கியதும் உண்மையில் ராகுகாலத்தில் இல்லையே. அது எனக்கு மட்டும்தான் தெரியும்.

எழுபதுகள் முடியும் தறுவாயில் அலுவலக வேலையாக மெல்பேர்ண் போனபோது அவர் வீட்டுக்குப் போனேன். மனைவியும் மகளும் வந்து சில மாதங்கள் ஆகியிருந்தன. சொல்லிவிட வேண்டும் என்றுதான் போனேன். மணிக்கூட்டுக் கணக்கை, வங்கி வரிசையை, கேத்தில் சத்தத்தை, எல்லாவற்றையும். டிராமில் இருந்தபடி ஒத்திகைகூடப் பார்த்தேன்.

அண்ணை என்னைக் கட்டிப் பிடித்தார். தலை பாதி நரைத்திருந்தது. "இந்தத் தம்பிதான் விடியக் காலமை குளிருக்குள்ளை என்னைக் கொண்டுபோய் விட்டவர்" என்று மனைவியிடம் சொன்னார். மகள் கதவு நிலையைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நெடுத்த பிள்ளை, ஐந்து வயது நடக்கும்.

"அண்ணை, உங்களோடை ஒரு கதை இருக்கு" என்று தொடங்கினேன். அதற்குள் அவர் மனைவி தேநீரோடு வந்து கதிரையில் இருந்தார்.

"இவளின்ரை பகிடியைக் கேளுங்கோ. எயார்போட்டிலை இவர் தூக்கப் போக, ஆரோ பிறத்தி ஆள் எண்டு கத்தத் தொடங்கிட்டாள். பிறகு மூண்டு கிழமையா இவரை அங்கிள் எண்டுதான் கூப்பிட்டவள். 'அங்கிள், அப்பாவின்ரை வீடு எங்கை இருக்கு?' எண்டு இவரிட்டையே கேட்டவளல்லோ!"

மனைவி சிரித்தார். அண்ணையும் சிரித்தார். கண் கலங்கும் அளவுக்குச் சிரித்து, சட்டைக் கையால் துடைத்துக்கொண்டார். நானும் சிரித்தேன். பிறகு அண்ணை என் பக்கம் திரும்பி, "என்ன கதை தம்பி?" என்றார்.

ஒன்றுமில்லை என்றேன். அந்தப் பிள்ளை பிஸ்கட் தட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு என் முன்னால் வந்து, "எடுங்கோ அங்கிள்" என்றாள்.