மேல் விளக்கு எரிகிறது

சென்ற வாரம் எங்கள் குடியிருப்பின் செயலாளர் ஒரு புது நோட்டுடன் வாசலில் வந்து நின்றார். எதிர் பிளாக்கின் உச்சியில், விமானங்கள் மோதிவிடாதிருக்கச் சிவப்பு விளக்கு பொருத்தியிருக்கிறார்களாம். அது எரிகிறதா என்று தினமும் ஒருவர் பார்த்துக் கையெழுத்திட வேண்டுமாம். "சாயங்காலம் பூரா புஸ்தகமும் கையுமா பால்கனியிலதானே இருக்கீங்க ஆன்ட்டி, அப்படியே ஒரு பார்வை பாத்தாப் போதும்" என்றார். நியாயமான பேச்சுதான். ஆனாலும் கண் சரியில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. அப்படிப்பட்ட நோட்டில் முன்பு ஒரு காலம் நான் கையெழுத்துப் போட்டிருக்கிறேன், அவ்வளவுதான்.

அறுபதுகளின் தொடக்கம். தென்காசிக்கும் குற்றாலத்துக்கும் இடையே ஒரு பாறைமேட்டில் வயர்லெஸ் நிலையம் ஒன்று இருந்தது. அதில் நான் புதிதாகச் சேர்ந்த குமாஸ்தா. நான்கு பக்கமும் கம்பி வடம் இழுத்துக் கட்டிய உயரமான இரும்புக் கம்பம்தான் அந்த நிலையத்தின் அடையாளம். திருவனந்தபுரம் போகும் விமானங்கள் அவ்வழியே பறப்பதால் கம்பத்தின் உச்சியில் ஒன்று, நடுவில் ஒன்று என இரண்டு சிவப்பு விளக்குகள் பொருத்த உத்தரவு வந்தது. வைக்கோல் திணித்த பெட்டியில் கனத்த கண்ணாடிக் கூடுகள் வந்திறங்கின. அவற்றை வெயிலில் தூக்கிப் பிடித்தால் கைகூட மருதாணி இட்டதுபோல் சிவந்துவிடும். நான் வேலையை விட்டுவிட்டு அரை நாள் அதையே செய்துகொண்டிருந்தேன்.

பெட்டியில் ஒரு குறை இருந்தது. கூட்டுக்குள் மழைநீர் இறங்காமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள் வழியிலேயே மட்கிப் பொடியாகியிருந்தன. இன்றும் குக்கர் மூடியில் புது வளையம் மாட்டும்போது எழும் ரப்பர் மணம் என்னை அந்த மேட்டுக்கே கொண்டுபோய் நிறுத்திவிடுகிறது. கம்பம் ஏறுகிற சுடலைமுத்து, இலத்தூர்க்காரர், தற்காலிக வேலையில் ஐந்து ஆண்டாக இருந்தவர், "நல்ல சைக்கிள் டியூப் ஒண்ணு இருந்தா வெட்டிப் போட்டிரலாம். ஒரு சொட்டு இறங்காது" என்றார். மறுநாள் என் தம்பியின் சைக்கிள் டியூபைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். தம்பிக்கு விஷயம் தெரிந்தது ஒரு வாரம் கழித்துத்தான். அதுவரை என்னை 'அம்மா' என்று அழைத்துவந்த சுடலைமுத்து அன்றிலிருந்து 'தங்கச்சி' என்றார். அவர் எனக்கு அண்ணாச்சியானார்.

விளக்கைப் பழைய சேலையில் பொதிந்து, வயிற்றோடு கட்டிக்கொண்டு அவர் ஏறியதை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். கீழே வடம் பிடித்திருந்தவர் சும்மா இருக்கவில்லை.

"ஏலே சுடல, பிள்ளத்தாச்சி கணக்கா ஏறுதியே, பாத்துலே."

"மேல போய்ப் பெத்து வச்சிட்டு வாரேன். நீ தொட்டில் கட்டி வையி."

அன்று மாலை இரண்டு விளக்கும் எரிந்தபோது பாறைமேட்டில் இருந்த அத்தனைபேரும் கைதட்டினோம். எனக்கும் ஒரு பொறுப்பு வந்து சேர்ந்தது. காவலர் ஆறு மணிக்கு விசையைத் தட்டியதும் நான் முற்றத்தில் நின்று அண்ணாந்து பார்த்து நோட்டில் எழுத வேண்டும். தேதி, மேல் விளக்கு, நடு விளக்கு, குறிப்பு, கையெழுத்து என்று ஐந்து கட்டங்களை நானே கோடு போட்டுப் பிரித்திருந்தேன். என் கையெழுத்து அழகென்று எனக்கொரு கர்வம். 'எரிகிறது' என்ற சொல்லை நாளுக்கு இருமுறை, அச்சுக் கோத்ததுபோல் எழுதினேன்.

ஆனியில் சாரல் தொடங்கியது. சாரல் நாளில் குற்றாலச் சாலை எண்ணெய்க் குளியல் மணக்கும். அருவியில் நின்றுவிட்டுத் தலை துவட்டாமல் போகிறவர்களைப் பார்க்கவே குளிரும். மேலதிகாரிகளின் சோதனைப் பயணங்களும் எப்படியோ சீசனில்தான் அமையும். அந்த ஆண்டு எங்கள் கம்பத்தின் மேல்பாதி பத்து நாள் மேகத்துக்குள் போய்விட்டது. முற்றத்தில் நின்றால் சாம்பல் நிறம்தான் தெரியும், விளக்கு தெரியாது. முதல் நாள் சற்றுத் தயங்கினேன். விசை போட்டாயிற்று, அப்படியென்றால் எரியத்தானே செய்யும் என்று தோன்றியது. ஆறு பத்துக்குப் பேருந்து வேறு. பையில் பாதி படித்த நாவல் வேறு. 'எரிகிறது' என்று எழுதினேன். நான்காம் நாளிலிருந்து முற்றத்துக்கே போகவில்லை. ஞாயிற்றுக்கிழமைக்குரியதைச் சனிக்கிழமையே எழுதி வைத்தேன்.

ஏழாம் நாள் காலை சுடலைமுத்து நனைந்த தலையோடு வந்து அதிகாரியிடம் சொன்னார்: "மேல் விளக்கு ரெண்டு நாளா எரியல சார். விடியக்காலம் எங்க ஊர்ல நின்னு பாக்கேன், மேகம் விலகுத நேரத்துல நடு விளக்கு தெரியுது, மேல இருட்டாக் கெடக்கு. சொன்னியள்னா இப்பமே ஏறுதேன்."

அதிகாரி கெட்டவர் அல்லர். எழுதி வைத்ததை நம்புகிறவர், அவ்வளவுதான். நோட்டைப் புரட்டினார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீங்க பாத்து எழுதினதுதானம்மா?"

அந்த மாதம் சுடலைமுத்துவை நிரந்தரமாக்கும் காகிதம் மேஜைமீது இருந்தது. எனக்கும் வேலை உறுதியாகாத நேரம். வேலை போய்விடுமே என்று பயந்தேன் என்பதெல்லாம் பின்னால் நான் தேடிக்கொண்ட காரணங்கள். அந்த நொடியில் என் மனதில் இருந்தது ஒன்றே ஒன்று: அவ்வளவு அழகாக எழுதிவிட்டுப் பார்க்கவில்லை என்று எப்படிச் சொல்வது?

"ஆமா சார். பாத்தேன்."

நிரந்தர வேலைக்காக ஊக்கத்தைக் காட்டிக்கொள்கிறான் என்று சிரித்து அவரை அனுப்பிவிட்டார்கள். அவர், "தங்கச்சி பாத்திருந்தாச் சரிதான்" என்றார்.

பதினோராம் நாள் வானம் வெளுத்தது. அன்று மாலை அருவியில் குளித்துவிட்டு ஈரத் தலையோடு காரில் வந்த மேலதிகாரி, சாலையிலிருந்தே கேட்டார், உச்சியில் ஏன் இருட்டு என்று. நோட்டைப் பார்த்தார்கள். நேற்று வரை எரிந்திருக்கிறது. சுடலைமுத்து முன்பே வந்து சொன்னது எந்த நோட்டிலும் இல்லை. எரிந்த விளக்கு மழையில் திடீரென்று அணைந்தால் உள்ளே தண்ணீர் இறங்கியிருக்க வேண்டும். தண்ணீர் இறங்கினால் அது பொருத்தியவர் குற்றம். கூட்டில் இருப்பது சைக்கிள் டியூப் என்பதும் அப்போது வெளியே வந்தது.

"கண்டதையும் வச்சுக் கட்டுறதா? அந்த டியூப் எங்கேர்ந்து வந்தது?" என்றார் மேலதிகாரி.

நான் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

"நாந்தான் சார் கொண்டாந்தேன்" என்றார் சுடலைமுத்து.

மறுநாள் ஏறி, அதே சேலையில் பொதிந்து விளக்கைக் கீழே கொண்டுவந்தார். நிரந்தரக் காகிதம் அதற்குள் திரும்பிப் போயிருந்தது. அதிகாரி அறையில் இல்லை. சுடலைமுத்து கண்ணாடிக் கூட்டை என் மேஜைமீது வைத்துத் திறந்தார். உள்ளே தூசு படிந்து, எலும்புபோல் உலர்ந்து கிடந்தது. பல்பின் இழை மட்டும் அறுந்திருந்தது. எந்தப் பல்புக்கும் என்றாவது நேர்வதுதான் அது.

"ஒரு சொட்டு இறங்கலம்மா" என்றார்.

'அம்மா' என்ற அந்தச் சொல்லில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். அதிகாரி வந்ததும் சொல்லிவிட வேண்டும் என்று எழுந்தேன். அவர் வந்தார். நான் ஒரு கடிதத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு திரும்பி வந்தேன்.

பல ஆண்டு கழித்துப் பாவூர்சத்திரத்தில் பேருந்தில் ஏறியபோது, தலையில் சும்மாட்டுத் துண்டோடு ஒருவர் எழுந்து இடம் கொடுத்தார். காய்கறி மண்டியில் மூட்டை தூக்குகிறாராம். "இங்கன உக்காருங்கம்மா" என்றார் சுடலைமுத்து. நான் உட்கார்ந்தேன். தென்காசி வரும்வரை அவருடைய பிள்ளைகளின் படிப்பைப் பற்றி விசாரித்துக்கொண்டே வந்தேன். அதைவிடக் கேவலமாக நான் எதையும் பேசியதில்லை.

சென்ற சீசனில் அந்தப் பக்கம் போயிருந்தேன். கம்பத்தை எப்போதோ இறக்கிவிட்டார்கள். வடம் கட்டிய சிமெண்டுக் கட்டைகள் நாலும் புல்லுக்குள் கிடக்கின்றன. ஆபீஸ் இல்லை, நோட்டும் கரையானுக்குப் போயிருக்கும். சுடலைமுத்து காலமாகி வெகு நாளாகிறது என்று இலத்தூரில் ஒரு கடைக்காரர் சொன்னார். சாரல் விழுந்துகொண்டிருந்தது. முற்றம் இருந்த இடத்தில் நின்று பழக்கத்தில் அண்ணாந்து பார்த்தேன். அன்று எனக்கு வேண்டியிருந்ததும் அவ்வளவுதான், அப்படி ஒருமுறை நின்று பார்த்துவிட்டு 'தெரியவில்லை' என்று எழுதுவது. அதற்கென்று நானே கோடு போட்டு வைத்திருந்த குறிப்புக் கட்டம், அந்தப் பத்து நாளும் காலியாகவே இருந்தது.