ஹுன்னஸ்கிரிய வோச்சும் நஸீர் நானாவும்

நஸீர் நானா போய்விட்டார்...

காலையில் அவருடைய மகன் ரிஸ்வான் கோல் எடுத்தான். "அங்கிள், வாப்பா மவுத்தாகிட்டாங்க. அஸர் தொழுகைக்குப் பிறகு அடக்கம்." அவன் வைத்த பிறகும் ஃபோன் என் காதிலேயே இருந்தது.

திகனயில் அவருக்கு எலெக்ட்ரிக்கல் சாமான் கடை. ஆனால் பழைய கைக்கடிகாரம் சேர்க்கும் நம் குரூப்பில் எல்லோருக்கும் அவரைத் தெரிந்தது பழைய சுவிஸ் மிலிட்டரி வோச்களால்தான். கறுப்பு டயல், வெள்ளை இலக்கம், ஸ்டீல் உடம்பு... வேறு எதையும் கையால் தொடமாட்டார். "தங்கத்துல ஈக்கிறது எல்லாம் கலியாண ஊட்டுக்கு" என்பார்.

முதன்முதலாக அவரைப் பார்த்தது கண்டி மார்க்கட் மேல்மாடியில், ஒரு பழைய சாமான் கடையில். நல்ல பகல். ஒரு மனிதர் மழைக்கோட்டைத் தலையோடு போர்த்திக்கொண்டு ஸ்டூலில் குனிந்து உட்கார்ந்திருந்தார். நான் மிரண்டுபோனேன்.

"பயப்படாதீங்க, இவரு எப்பவும் இப்படித்தான்" என்றார் கடைக்காரர்.

வேர்த்து வழிய, கையில் ஒரு வோச்சோடு கோட்டுக்குள்ளிருந்து வெளியே வந்தவர் என்னைப் பார்த்துச் சொன்ன முதல் வார்த்தை, "மினுங்கல்ல. அசல்."

அந்தக் காலத்து இலக்கங்களில் பூசிய ரேடியப் பூச்சின் மினுக்கம் இப்போது செத்துப் போயிருக்கும். இருட்டில் மினுங்கினால், பிற்காலத்தில் யாரோ புதிதாகப் பூசிக் கைவைத்திருக்கிறார்கள், வாங்கக்கூடாது. எனக்கு அதைச் சொல்லித் தந்ததே அவர்தான்.

நாலு வருஷத்துக்கு முந்தி அவருக்குக் கண் ஒப்பரேஷன். அந்த நேரம் பார்த்து ஹுன்னஸ்கிரியவில் ஒரு வீட்டில் அப்படியொரு வோச் இருப்பதாக அவருக்குத் தகவல் வந்தது. பல வருஷமாக அவர் தேடிக்கொண்டிருந்த மொடல்.

"எனக்குப் போகேலா ஜெரோம். நீங்க போய்ப் பாருங்க. அசலா இல்லையான்னு நீங்க செல்றதுதான் முடிவு."

பஸ் ஏறிப் போனேன். அந்த வீட்டு அலுமாரிக்குள் வோச்சோடு தலையை விட்டுப் பார்த்தேன். கும்மிருட்டு. ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. அசலேதான்.

வெளியே வந்து அவருக்கு கோல் எடுத்தேன். "நல்லா மினுங்குது நானா. விடுங்க."

"அப்படியா... சரி. அலைஞ்சதுக்குக் குறை நினைக்க வேணாம்" என்றார்.

திரும்பி உள்ளே போய் நானே வாங்கிக்கொண்டேன்.

ஆமாம். நான்தான். குரூப்பில் இதுவரை ஒருவருக்கும் தெரியாது.

கொஞ்ச நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை எங்கள் வீட்டுக்கு வந்தார். இஞ்சி பிளேன்டீ குடித்துக்கொண்டே சொன்னார், "அந்த வோச்சை யாரோ வாங்கிட்டாங்களாம். பாவம், ஏமாந்து போயிட்டான். எப்பவாவது நம்மகிட்ட கொண்டு வந்தா உண்மையை மனசு நோகாம செல்லணும் ஜெரோம்."

நான் பிஸ்கட் தட்டை அவர் பக்கம் தள்ளினேன். வேறென்ன செய்ய... அதன் பிறகு எத்தனையோ தரம் சொல்ல வாயெடுத்தேன். வெட்கம் விடவில்லை. அந்த வோச்சை ஒருநாள்கூட நிம்மதியாகக் கட்டியதும் இல்லை.

இன்றைக்குப் பள்ளிவாசலில் தொழுகைக்கு முன்னால் ரிஸ்வான் எழுந்து நின்றான். "எங்கட வாப்பா யாருக்காவது மனசு நோக நடந்திருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சுக்கோங்க." எல்லோரும் மன்னித்தோம் என்றார்கள். வாசலில் நின்ற நானும் வாய்க்குள் சொன்னேன். அவர் எனக்குச் செய்த பிழை என்று ஒன்றுமே இல்லை.

அடக்கம் முடிந்து வரும்போது ரிஸ்வான் என் கையைப் பிடித்தான். "வாப்பாட வோச் பெட்டியை உங்களுக்குத்தான் காட்டச் சொன்னாங்க அங்கிள். எது அசல், எது பொய்யின்னு நீங்க செல்றதை மட்டும் நம்பச் சொன்னாங்க."

சரி மகன் என்றேன். வீட்டுக்கு வந்து இதை நம் குரூப்பில் எழுதுகிறேன்.

ரிஸ்வான், நீ இதைப் படிப்பாய். பெட்டியை வேறு யாருக்காவது காட்டு மகன். ஹுன்னஸ்கிரிய வோச்சை நாளைக்குக் கொண்டு வருகிறேன். கதவைத் திறப்பது உன் விருப்பம்.

போய் வாருங்கள் நானா...