லொறி விளையாட்டு

மட்டக்களப்பில் நான் கணினி திருத்தும் கடைக்கு ஓட்டோவில் ஒருவர் வருவார். விபத்தில் கால்கள் செயலிழக்கும்வரை லொறி ஓட்டியவர். தன் மடிக்கணினியில் லொறி ஓட்டும் விளையாட்டை விளையாடும்போது, வளைவுகளில் அவர் தலை பக்கக் கண்ணாடியைத் தேடித் திரும்பும்.

காசு கொடுத்து வாங்கிய விளையாட்டுதான். ஆனாலும் அடிக்கடி இணையத்தில் கணக்கைச் சரிபார்க்காவிட்டால் திறக்காது. பனிச்சங்கேணியில் அவர் வீட்டில் சிக்னல் இல்லை.

"இன்டர்நெட் கேக்காத லொறி கேம் ஒண்டும் இல்லையா தம்பி?"

தேடினேன். அப்படிப்பட்ட இரண்டு கிடைத்தன. அவருடைய பழைய கணினியில் இரண்டுமே ஓடவில்லை.

"செஸ் இருக்கு அண்ணன். அது ஒண்டும் கேக்காது. போட்டுத் தரட்டா?"

"வேணாம் தம்பி. நான் இருந்த இடத்திலதானே இருக்கிறன். கேமிலயாவது எங்கயாவது போகவேணும்."

கிடைத்தால் சொல்வதற்காக அவருடைய எண்ணை எழுதி வைத்தேன். மாதங்களாகியும் அழைத்துச் சொல்ல எதுவும் கிடைக்கவில்லை. அவரும் அதற்குப் பிறகு வரவில்லை.