கண்டி தூதரக டிரைவரைத் தேடி உத்தமபாளையத்துக்கு

குமுளி, தேக்கடி போக வழி கேட்டுப் பலர் எழுதுகிறீர்கள். அதே ரோட்டில் 1983 ஆகஸ்டில் நான் போன பயணம் ஒன்று இருக்கிறது. சுற்றிப் பார்க்கப் போகவில்லை. என் தங்கை மெர்சி உயிரோடு இருக்கிறாளா என்று கேட்கப் போனேன்.

மெர்சியும் அவள் கணவரும் இலங்கையில், கண்டியில் துணிக்கடை வைத்திருந்தார்கள். ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு ஒரு தகவலும் இல்லை. தந்திக்குப் பதில் வரவில்லை, டிரங்க் கால் கிடைக்கவில்லை. இரண்டு அரசாங்கங்களும் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்ற நேரத்தில் யாரைப் போய்க் கேட்பது? அப்போதுதான் தேனி பஜாரில் என் பாத்திரக்கடைக்கு வந்த ஏலக்காய் வியாபாரி ஒருவர், "கண்டியில நம்ம தூதர் ஆபீஸ்ல வண்டி ஓட்டுன பரமசிவம், உத்தமபாளையத்துக்கு வந்துட்டாகளாம்" என்றார். அந்த அலுவலகம் மெர்சியின் கடை இருந்த தெருவில்தான். கடையைச் சாத்திவிட்டுக் கிளம்பினேன்.

தேனியிலிருந்து சுமார் முப்பது கிலோமீட்டர். காலை ஒன்பதே கால் பஸ், டிக்கெட் மூன்று ரூபாய். பழனிசெட்டிபட்டி தாண்டும்வரை தைரியமாகத்தான் இருந்தேன். பஜாரில் எனக்கு வாயாடி என்று பெயர், அப்படிச் சுலபத்தில் அசர மாட்டேன். வீரபாண்டியில் ஆற்றைப் பார்த்ததும் மெர்சிக்கும் எனக்கும் நடுவில் கிடக்கும் கடல் நினைவு வந்தது. சின்னமனூரில் ஏறிய ஒருவர் பேப்பரில் இலங்கைச் செய்தியைச் சத்தமாக வாசிக்க ஆரம்பித்தார். "ஐயா, மனசுக்குள்ள படிங்க, புண்ணியமாப் போகும்" என்றேன்.

கண்டக்டர் என் முகத்தைப் பார்த்தார். "அங்கன உங்க ஆளுக இருக்காகளா தாயி?"

"தங்கச்சி."

அவர் நேராகப் போய் அந்தப் பேப்பர்க்காரரிடம் பேப்பரை மடித்து வைக்கச் சொன்னார். அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

எங்கள் பக்கம் யார் வீட்டுக்குப் போனாலும் முதல் வார்த்தை 'வாங்க'. சாவு வீட்டில் மட்டும் அதைச் சொல்ல மாட்டார்கள். கிளம்புகிறவர்களும் 'போயிட்டு வாரேன்' என்று சொல்வதில்லை. பரமசிவம் வீட்டு வாசலில் அவர் மனைவி நின்றார். "நான் மெர்சியோட அக்கா, தேனியில இருந்து வாரேன்" என்றேன். அவர் 'வாங்க' என்று சொல்லவில்லை. தலையைக் குனிந்தபடி பாயை எடுத்து விரித்தார்.

முடிந்தது என்று நினைத்தேன். நிலைப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். 'ஆண்டவரே' என்பதற்கு மேல் ஜெபம்கூட வரவில்லை.

பரமசிவம் வந்து எதிரே உட்கார்ந்தார். நான் எதுவும் கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே! அவராகவே, எங்கோ பார்த்துக்கொண்டு, அந்த அலுவலகத்தின் கதையை ஆரம்பித்தார்.

"தோட்டத்துச் சனத்த இந்தியாவுக்கு அனுப்புறதுன்னு போட்ட அறுவத்தி நாலு ஒப்பந்தத்துக்குப் பெறகு ஆபீஸ் வாசல்ல எப்பவும் கூட்டந்தான் தாயி. இந்தியா பாஸ்போர்ட்டுக்கு வந்து நிப்பாக. பாதிப் பேருக்குப் போக மனசே இருக்காது. அங்கனயே பொறந்து வளந்த ஆளுக. 'இன்னும் ஒரு வருசம் தள்ளிப் போடுங்கய்யா'ன்னு கெஞ்சுவாக. இந்த ஜூலையில அதே வாசல்ல, 'இன்னைக்கே அனுப்பிருங்க'ன்னு அழுதாக. ரெண்டு நாட்டுக்கும் ஆகாத சனமாப் போச்சு. வண்டியில நம்ம கொடியக் கட்டிக்கிட்டுத்தான் ஓட்டுனேன். அந்தக் கொடி நம்மளக் காப்பாத்துமா, காட்டிக் குடுக்குமான்னு தெரியாது."

"மெர்சி..." என்றேன்.

"ஒன் தங்கச்சியும் மாப்பிள்ளையும் நல்லா இருக்காக. கடைதான் எரிஞ்சு போச்சு. முகாம்ல கொண்டுபோய் எறக்குனதே நாந்தான். கப்பலுக்குக் காத்திருக்காக."

சத்தம் போட்டு அழுதேன். அழுகை நின்றதும் என் வாய் சும்மா இருக்குமா? "வந்ததுமே அத ஒரு வார்த்தை சொல்லக் கூடாதாண்ணே? 'வாங்க'ன்னுகூடச் சொல்லல. நான் செத்துப் பொழச்சேன்!" என்று சண்டைக்கே போய்விட்டேன்.

அந்த அம்மாதான் பதில் சொன்னார். "எங்க மகன் கொழும்புக் கலவரத்துல போயிட்டான் தாயி. காரியம் செய்யத்தான் வந்திருக்கோம். பதினாறு இன்னும் கழியல."

ஆபீஸ் வண்டியில் ஏற்றி யார் யாரையோ முகாமில் சேர்த்தவர், தன் மகனிடம் போய்ச் சேர முடியவில்லை. அவர் வீட்டில் உட்கார்ந்து நான் சந்தோஷத்தில் அழுதிருக்கிறேன். எவ்வளவு வெட்கமாக இருந்தது தெரியுமா? அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். பிறகு 'போயிட்டு வாரேன்' என்று சொல்லாமல் எழுந்து நடந்தேன்.

இப்போது அந்த வழியில் பஸ்ஸுக்குப் பஞ்சமில்லை. தேனியிலிருந்து போகும்போது வலது ஜன்னல் கிடைத்தால் போடி மலை நன்றாகத் தெரியும். காலையிலேயே கிளம்பிவிடுங்கள், வெயில் தாங்காது. வழியில் யார் வீட்டிலாவது 'வாங்க' என்ற சொல் வராவிட்டால், அது உங்கள் வீட்டுத் துக்கம்தான் என்று என்னை மாதிரி முடிவு கட்டாதீர்கள். அவர்கள் வீட்டில் என்ன நடந்தது என்று முதலில் கேளுங்கள்.

அடுத்த தை மாதம் மெர்சியைக் கூட்டிக்கொண்டு அதே வீட்டுக்குப் போனேன். அவளை உயிரோடு அவர்கள் கண்முன் நிறுத்துவது சரியா என்று தெரியாமல், வாசலில் நான்தான் தயங்கினேன். அந்த அம்மா இறங்கி வந்து, மெர்சியின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"வா ஆத்தா" என்றார். "நீயாச்சும் வந்தியே."