வெள்ளை எழுத்து காயாத பெட்டி

இன்று காலை மயூர் விஹாரில் எங்கள் குடியிருப்பின் இரும்புக் கேட்டுக்குக் கறுப்பு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே எனக்குப் பழைய கோபம் வந்துவிட்டது.

அப்போது டெல்லி கன்டோன்மென்ட்டில் அப்பா ராணுவ ஹவில்தார். மைதானத்துக்கு அந்தப் பக்கம் அதிகாரிகளின் பங்களாக்கள், இந்தப் பக்கம் சுவரில் எண் எழுதிய எங்கள் குவார்ட்டர்ஸ் வரிசை, நடுவே இடுப்பளவு சுண்ணாம்பும் காவியும் பூசிய வேப்பமரங்களோடு கோடு போட்டதுபோல் ஓடும் சாலை. இப்போது அந்த வரிசையை இடித்து அடுக்குமாடி கட்டிவிட்டார்கள். அந்த நாட்களில் அங்கே எந்த வீட்டுக்கு மாற்றல் வந்தாலும் வாசலில் காயும் டிரங்குப் பெட்டியே சொல்லிவிடும்; பழைய ஊரின் பெயர்மேல் கறுப்படித்து, புது ஊரின் பெயரை வெள்ளையில் எழுதுவார்கள்.

என் ஆறாம் வகுப்புப் பரீட்சை சமயத்தில் அப்பா கறுப்பு மட்டும் அடித்தார்.

"எந்த ஊருப்பா?"

"எங்கயும் இல்ல கண்ணு. துரு புடிக்குதில்ல, அதான்."

உடனே பக்கத்து வீட்டு குர்ப்ரீத்திடம் ஓடி, தொண்டையைத் தொட்டு, "கசம் சே", நாங்கள் போகவில்லை என்று சத்தியம் செய்தேன்.

கடைசிப் பரீட்சை முடிந்து இருவரும் கைகோத்துத் திரும்பியபோது எங்கள் வாசலில் லாரி நின்றது. அதிலிருந்த பெட்டியில் வெள்ளை எழுத்து இன்னும் காயவில்லை.

"பரீட்சை கெட்டுடுமேன்னுதான் சொல்லல" என்றார் அப்பா, பெரிய உபகாரம் செய்தவர்போல.

குர்ப்ரீத் அந்த ஊர்ப் பெயரை வாய்விட்டுப் படித்தாள். பிறகு கையை விடுவித்துக்கொண்டு, லாரி கிளம்பும்வரை, நான் தொட்டுச் சத்தியம் செய்த என் தொண்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.