கூல் டீச்சரின் வலது கால்

காரோட்டக் கற்றுக்கொடுக்கும் அந்தப் பெண்ணைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டவர்கள் குறைவு. படிக்க வந்தவர்கள் எல்லோருக்கும் அவள் கூல் டீச்சர். நடுரோட்டில் வண்டி அணைந்து, பின்னால் நிற்பவர்கள் ஹாரன் அடித்துக் காதைக் கிழிக்கும்போது, அவள் ஜன்னல் பக்கம் திரும்பி ஒரு கொட்டாவி விடுவாள். "கூல், கூல். அவங்க ஹாரன், அவங்க பேட்டரி. நமக்கென்ன போச்சு? சாவியத் திருப்புங்க" என்பாள். ஓட்டுகிறவருக்குச் சிரிப்பு வந்துவிடும், வண்டியும் கிளம்பிவிடும். அது பொய்க் கொட்டாவி என்பது அவள் கணவருக்கு மட்டும் தெரியும்.

பதற்றத்தைத் தணிக்க அவளிடம் இருந்தவை எல்லாம் ஆங்கில வார்த்தைகள்தான். ஒவ்வொன்றுக்கும் ஓர் இடம் வைத்திருந்தாள். கிளட்சை விடுகிற காலுக்கு 'ஈஸி'. ஸ்டியரிங்கைக் கட்டிக்கொண்டு அழாத குறையாக இருக்கும் கைக்கு 'ஸ்டெடி'. காதுவரை ஏறிப்போன தோளுக்கு 'ரிலாக்ஸ்'. வண்டி அணைந்துபோனால் 'கூல்'. இடம் மாறினால் வம்பு. புதிதில் ஒருமுறை, வளைவில் திரும்பும்போது 'ரிலாக்ஸ்' என்று சொல்லித் தொலைத்தாள். சொல் தட்டாத மனிதர் அவர், ஸ்டியரிங்கையே விட்டுவிட்டார். நகராட்சியின் குப்பைத்தொட்டி ஒன்று நசுங்கியது.

'காம் டவுன்' என்பதை மட்டும் அவள் வாயில் எடுக்கவே மாட்டாள். அகராதியில் அதற்கு என்ன பொருளோ, அதைக் கேட்டு யாரும் அமைதியாகி அவள் பார்த்ததில்லை. அது பின் சீட்டுக் கணவன்மார்களின் வார்த்தை. அவர்கள் அதைச் சொல்லச் சொல்ல, ஓட்டுகிற பெண்ணுக்கு மூக்கு சிவக்கும், கியர் கதறும். அதனால் பாடம் நடக்கும்போது சொந்தக்காரர்கள் யாரும் வண்டியில் ஏறக் கூடாது என்று சட்டம் போட்டிருந்தாள். அதை அவளே மீற வேண்டியதாயிற்று, அக்காவுக்காக.

அக்கா நர்ஸ். படுத்த படுக்கையாகிவிட்ட நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பாள். புண்ணைக் கழுவிக் கட்டுவாள், புரட்டிப் படுக்க வைப்பாள், மருமகளைப் பற்றிய புகாரை ஒரு பாட்டம் கேட்டுவிட்டு வருவாள். இத்தனை நாளும் அலுவலக டிரைவர் அழைத்துப் போனார். டிரைவரை நிறுத்திவிட்டார்கள். இனி நர்ஸே ஓட்டிப் போக வேண்டும். மாதக் கடைசிக்குள் லைசன்ஸ் வரவில்லை என்றால் ஆஸ்பத்திரியில் துணி மடிக்கிற பகுதிக்கு மாற்றல்.

"என் கிழங்களை எவகிட்டடி விட்டுட்டுப் போறது?" என்று கேட்டாள் அக்கா. வேறு இடத்தில் போய்க் கற்றுக்கொள் என்று தங்கையால் எப்படிச் சொல்ல முடியும்?

அக்கா டெஸ்டில் இரண்டு முறை தோற்றாள். இரண்டு முறையும் மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டது. தங்கை பக்கத்தில் இருக்கும்போது ஒருநாளும் உருண்டதில்லை. டெஸ்ட் எடுக்கிற அதிகாரியின் கண்பட்டுத்தான் உருளுகிறது என்று தங்கை அடித்துச் சொன்னாள். "ஊரையே ஓட்ட வச்சுட்ட, உங்க அக்காவை ஓட்ட வைக்க முடியல" என்று கணவர் வேறு வெந்த புண்ணில் வேலைப் பாய்ச்சினார். மூன்றாவது டெஸ்டையும் விட்டால் மாதம் முடிந்துவிடும்.

அந்த டெஸ்டுக்கு முந்தின நாள், போக்குவரத்தே இல்லாத ஒரு மேட்டு ரோட்டுக்குப் போனார்கள். "ரிலாக்ஸ் அக்கா. ஈஸி... ஈஸி..." என்று தங்கை தொடங்கினாள். அக்கா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள்.

"உன் வாயை நம்புறதா, காலை நம்புறதா?"

"என்னக்கா காலு?"

"வாய் ரிலாக்ஸுங்குது, கால் பிரேக்கை மிதிக்குது. நான் தொடறதுக்கு முன்னாடியே என் பெடல் தானா இறங்குதே, எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

பயிற்சி வண்டியில் ஆசிரியர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. இரண்டும் இணைந்தவை, ஒன்றை மிதித்தால் மற்றதும் இறங்கும். மற்றவர்கள் ஓட்டும்போது டீச்சரின் கால் தரைவிரிப்பில் அசையாமல் கிடக்கும், உண்மையான ஆபத்து வந்தால்தான் எழும். நான் மிதிக்கவே இல்லையே என்று சொல்ல வாயெடுத்தவள் குனிந்து பார்த்தாள். வலது கால் பிரேக்கின் மேல் குந்தியிருந்தது. இத்தனை நாளும் மேட்டில் வண்டியைப் பிடித்து வைத்திருந்தது இந்தக் கால்தான் என்பது அப்போதுதான் புரிந்தது. அக்காவைத் தோற்கடித்ததே தான்தான் என்று நினைத்ததும் அவளுக்கு அவமானமாக இருந்தது.

"முன்னாடியே சொல்லித் தொலைச்சா என்னக்கா?"

"நீ பயப்படுறேன்னு உன்கிட்டயே எப்படிடி சொல்றது? ஊரே உன்னைக் கூலுங்குது."

டீச்சர் செருப்பைக் கழற்றினாள். இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். அந்த வேலைக்கு வந்த நாளிலிருந்து அவள் செய்யாத காரியம் அது.

"அப்படியே வாயையும் மூடிக்கோ" என்றாள் அக்கா.

மூடிக்கொண்டாள். மேட்டில் வண்டி நின்றது, உறுமியது, அணைந்தது, பின்னால் உருண்டது. டீச்சர் சீட் பெல்ட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நில்லு சனியனே!" என்று அக்கா வண்டியைத் திட்டினாள், பிரேக்கைத் தானே மிதித்தாள். வண்டி நின்றது. மறுபடி எடுத்தாள், மறுபடி உருண்டது, மறுபடி திட்டினாள். நாலைந்து வசவுக்குப் பிறகு வண்டி சொன்ன பேச்சைக் கேட்டு ஏறத் தொடங்கியது. உச்சிக்குப் போனதும் அக்கா பக்கத்தில் திரும்பிப் பார்த்தாள்.

"என்னடி இப்படி வேர்த்து ஊத்துது உனக்கு? ரிலாக்ஸ்!"

மறுநாள் டெஸ்டில் முன்பு உருண்ட அதே மேடு, அதே அதிகாரி. அக்கா உதட்டுக்குள் எதையோ முணுமுணுத்தபடி ஏற்றிவிட்டாள். பிரார்த்தனை என்று அதிகாரி நினைத்திருப்பார்.

அடுத்த வாரம் அலுவலகத்தின் சின்ன கார் வாசலில் நின்றது. பின் சீட்டில் பஞ்சும் கட்டுத்துணியும் இருந்த பை. அக்காவின் பக்கத்து சீட் காலி. வெறுங்காலோடு வெளியே ஓடி வந்த டீச்சர் ஜன்னலில் குனிந்தாள். ஈஸி, ஸ்டெடி, கூல் எல்லாம் வாய்வரை வந்தன. எதையும் சொல்லப் பிடிக்கவில்லை.

"பார்த்துப் போக்கா" என்றாள்.

"ம்" என்றாள் அக்கா.

கார் தெருமுனையை நெருங்கியது. குறுக்கே ஒரு சைக்கிள் வந்தது. டீச்சரின் வலது கால் தானாகவே தரையை அழுத்தியது. தெருமுனையில் பிரேக் விளக்கு சிவப்பாக எரிந்தது. அது அக்கா மிதித்தது.